பெட்டிசப் பெட்டி

ஜூலியானாவின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, கடதாசித் துண்டை நாலாக மடித்துப் பெட்டிக்குள் போட்டாள் மக்டலின். போட்ட கையோடு அவளுக்கு வயிற்றெரிச்சல் பாதி அடங்கிவிட்டது.

பின்னே? பக்கத்து வீட்டு ஜூலியானாவின் புருஷன் அடுத்தவன் படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவன். அந்த வீட்டுக்குப் போன மாசம் புத்தம்புதுப் பிரிட்ஜ் வந்து இறங்கியது. அன்றிலிருந்து மக்டலினுக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. உடுப்புக் காயப்போட மேல்மாடிக்கு ஏறும்போதெல்லாம், ஜூலியானாவின் ஓலைக் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், அது வெள்ளையாய்ப் பல்லிளித்தது. ஐஸ்பக்கற் விற்றுப் பிழைக்கிறாளாம்! இந்த லட்சணத்தில் அரசாங்க நிவாரணமும் அவளுக்குக் கிடைக்கிறது. மக்டலினுக்கும் கிடைக்கிறதுதான். ஆனால் அது வேறு கதை.

ஆலங்குடாக் கடற்கரையில் தேர்தல் கூட்டம். மேடையடியில் பெட்டி; மேடையில் வேட்பாளர் இன்னும் முழங்கிக்கொண்டிருந்தார்.

"உங்கட பங்கைத் தின்னுற ஆள் கொழும்பில இல்ல, உங்கட பக்கத்து வீட்டில! வசதி இருந்தும் நிவாரணம் எடுக்கிறது ஆரு? ஆளிட பேரைத் துண்டில எழுதி, பெட்டிசமா இந்தப் பெட்டிக்குள்ள போடுங்க. உங்கட பேர் போடத் தேவையில்ல. ஆகக் கூடுதலாத் துண்டு விழுற ஆளை, நான் வென்ற மறுநாளே லிஸ்ட்டில இருந்து வெட்டுவன்!"

மேடையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓட்டல் முதலாளி முதல் ஆளாகக் கைதட்டினார். படகு இழுக்கும் கரையை வேலி போட்டு அடைத்தவர் அவர்தான். கூட்டமும் சேர்ந்து தட்டியது. தட்டித் தட்டி மக்டலினுக்குக் கை சிவந்துவிட்டது.

அப்போது ஜூலியானாவும் பெட்டியடிக்கு வந்தாள். மக்டலினைக் கண்டதும் துண்டைச் சட்டென்று கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"என்ன ஜூலி, நீயும் எழுதினியா?"

"ஓமக்கா. எல்லாரும் எழுதுறாங்க தானே."

"ஆரை எழுதினாய்?"

"சும்மா... ஒராளை."

பாவம், இன்னும் கொஞ்ச நேரத்தில் அழப்போகிறாளே என்று மக்டலினுக்கு ஒரு கணம் இரக்கம் வந்தது. உடனே பிரிட்ஜ் நினைவுக்கு வந்தது. இரக்கம் போய்விட்டது.

"சேர், பேரை மைக்கில வாசிங்க! நாலு பேருக்கு முன்னால வெக்கப்பட்டாத்தான் புத்தி வரும்!" என்று கத்தினாள்.

வேட்பாளர் சிரித்தார். துண்டுகளைப் பிரித்து எண்ணிய ஆள் ஒரு தாளை அவரிடம் நீட்டினான். அவர் அதைப் பார்த்து மைக்கில் அறிவித்தார்.

"மொத்தம் அறுபத்திரெண்டு துண்டு. அதில நாப்பத்தொம்பதில ஒரே பேர்!"

அந்த முகம் கறுப்பதைக் கண்ணாரக் காண வேண்டுமென்று மக்டலின் ஆசையோடு திரும்பினாள். ஜூலியானா மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுற்றி நின்ற பெண்களும் மணலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மைக் கரகரத்தது.

"ஆரு இந்த மாடிவீட்டு மக்டலின்?"