கல்யாண வீடியோவுக்கு ஒரு கம்ப்யூட்டர்

"அறுபத்து நாலு ஜிபி ரேம் எந்த மூலைக்கு சார்? நூத்தி இருபத்தெட்டாப் போடுங்க!"

ஸ்டூடியோக்காரர் கூச்சமே இல்லாமல் கேட்டார். மேஜைக்கடியில் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் பையிலிருந்து இன்னும் இரண்டு ரேமை எடுத்துச் செருகினார். எல்லாம் அவருடைய சொந்தச் செலவு!

வேறு வழி? அவருடைய கல்யாண வீடியோ ஏழு வருஷமாக இந்த ஸ்டூடியோவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்.

"நம்மகிட்ட இருக்கறது ஓட்டைக் கம்ப்யூட்டர் சார். உங்க வீடியோவைப் போட்டா அது மூச்சை விட்டுடும்."

சரி, கம்ப்யூட்டரையே மாற்றித் தொலைப்போம் என்று கிளம்பி வந்துவிட்டார் மனிதர். அவரைக் கிளப்பிவிட்டவள் சோபாவில் சாப்பாட்டுப் பையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி.

"மேடையில மைக்கைப் பிடிச்சு, 'காலம் முழுக்க நான்தான் சமைப்பேன்'னு சொன்னார்ண்ணே. இப்போ கேட்டா, நான் எங்கே சொன்னேங்கிறார்!"

"சொல்லவே இல்லண்ணே! வந்தவங்கள்ல பாதிப் பேர் சொன்னேங்கிறாங்க, பாதிப் பேர் இல்லைங்கிறாங்க. வீடியோ வரட்டும். சொல்லியிருந்தா நாளையிலேர்ந்து அடுப்படி என்னுது. இல்லேன்னா ஆயுசுக்கும் இவ இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

"எடுத்தா என்னை ஏன்னு கேளுங்க!"

ஸ்டூடியோக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"ஒரு மானிட்டர் போதாது மேடம். ரெண்டு வேணும். ஒண்ணுல மாப்பிள்ளை, ஒண்ணுல பொண்ணு."

இரண்டாவது மானிட்டர் வந்தது.

"கிராஃபிக்ஸ் கார்டு சூடாகுமே?"

தண்ணீர் ஓடிக் குளிரவைக்கும் குழாய்கள் பொருத்தப்பட்டன.

"கரண்ட் போச்சுன்னா?"

நாலு ஆள் தூக்கும் கனத்தில் ஒரு யூபிஎஸ் வந்து இறங்கியது.

"நாற்காலி சரியில்ல சார். முதுகு வலிச்சா கட்டிங் கோணிக்கும்."

"கெடைச்ச சாக்குல எல்லாத்தையும் கறக்குறார் பாருங்க" என்று மனைவி கணவன் காதைக் கடித்தாள்.

"கறக்கட்டும். இதுக்கப்புறம் சாக்குச் சொல்ல என்ன இருக்குன்னு பார்த்துடறேன்" என்ற மெக்கானிக், தன் கடை நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.

பொத்தானை அழுத்தியதும் கண்மூடித் திறப்பதற்குள் திரை வந்தது.

"சத்தமே காணோமே? ஓடுதா?" ஸ்டூடியோக்காரர் பெட்டியின் மேல் காதை வைத்துப் பார்த்தார்.

"ஓடுதுண்ணே. ஏதாவது ஒரு வீடியோவைப் போட்டுத்தான் பாருங்களேன்."

யாரோ வீட்டுக் கிரகப்பிரவேச வீடியோ ஒன்றைப் போட்டார்கள். பழைய கம்ப்யூட்டரில் இரண்டு நாள் இழுக்கிற வேலை. பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

"அப்பாடா!" என்று மெக்கானிக் கையைத் தட்டினார். மனைவி சோபாவிலிருந்து துள்ளி எழுந்தாள். இரண்டு பேரும் ஏழு வருஷச் சண்டையை மறந்து கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள்.

"ம், எங்க வீடியோவைப் போடுங்கண்ணே! இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்" என்றாள் அவள்.

ஸ்டூடியோக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். வேறு ஏதாவது குறை தென்படுகிறதா என்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. புது நாற்காலியிலிருந்து எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இனிமே கம்ப்யூட்டர் மேல பழி போட முடியாது சார். அன்னைக்கு இருந்த அவசரத்துல கேமராவுல மெமரி கார்டு போடவே மறந்துட்டேன். நீங்க ரெண்டு பேரும் இன்னொரு தடவை கல்யாணம் பண்ணிக்கிட்டீங்கன்னா, பதினஞ்சே நிமிஷத்துல வீடியோவைக் கையில குடுத்துடறேன்!"