பதினைந்தாம் நாள்

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் படுத்துக்குங்க பிச்சமுத்து. அப்புறம் கிளமென்ட்டை நான் பார்த்துக்கறேன்!" என்றார் வக்கீல் தாயுமானவன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பிச்சமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கே.கே. நகர் ஆட்டோ ஸ்டாண்டில் யார் வண்டி முதலில் என்று தகராறு. இன்னொரு டிரைவரான கிளமென்ட் பிடித்துத் தள்ளியதில் பிச்சமுத்துவின் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது.

"எலும்பு முறியலையே சார்? பல்லு கூட விழலையே?"

"விழுந்திருந்தா அன்னிக்கே கொடுங்காயம். விழாட்டியும் வழி இருக்கு. வலியில பதினஞ்சு நாள் வழக்கமான வேலையைப் பார்க்க முடியலைன்னா, சட்டப்படி அதுவும் கொடுங்காயம்தான். ஏழு வருஷம் வரைக்கும் கிடைக்கும்!"

"இன்னியோட பதினாலு சார்!"

டாக்டர் வரும்போதெல்லாம் பிச்சமுத்து முனகிய முனகலில், பக்கத்துக் கட்டில்காரருக்கே வலி வந்துவிட்டது.

ஒரே ஒரு கவலைதான். அவன் ஆட்டோவை நம்பி ஆறு பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகிறார்கள். இரண்டு வாரம் வண்டி வராவிட்டால் அந்த ட்ரிப் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"அதெல்லாம் ஒரு ஆள் ஓட்டுறாருங்க. நீங்க கம்முனு படுங்க" என்று மழுப்பினாள் மனைவி.

மறுநாள் காலை வாக்குமூலம் வாங்க ஏட்டு ஆரோக்கியராஜ் வந்தார். கட்டில் காலி. வக்கீல் மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"டிஸ்சார்ஜ் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டான் சார். ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?"

ஏட்டு தேடிப் போனபோது, ஸ்கூல் வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தான் பிச்சமுத்து.

"ஏன்யா, கேஸு கனிஞ்சு வர்ற நேரத்துல ஓடி வந்துட்ட? கிளமென்ட் மிரட்டினானா? இல்ல, ஏதாச்சும் வாங்கிட்டியா?" ஏட்டு அதட்டினார்.

பிச்சமுத்து தலையைச் சொறிந்தான்.

"நேத்து சாயங்காலம் புள்ளைங்க என்னைப் பார்க்க வந்தாங்க சார். கூட்டிட்டு வந்தது கிளமென்ட். உள்ள வர வெட்கப்பட்டுக்கிட்டு வாசல்லயே நின்னான்."

"அதுக்கு?"

"'இது பிச்சமுத்து ட்ரிப்பு, அவன் வர்ற வரைக்கும்தான் நான்'னு வீடு வீடாச் சொல்லிட்டு, பதினாலு நாளும் அவன்தான் சார் ஓட்டியிருக்கான். இதுல எந்த நாளு என் வேலை கெட்டுச்சுன்னு நான் கையெழுத்துப் போடுறது?"