கணினிக்குள் ஒரு குசினி

"இதுதான் அன்ரி, எங்கட குசினியின்ட டிஜிட்டல் ட்வின். அங்க இருக்கிறதெல்லாம் அப்படியே இதில தெரியும். மூண்டு மாசமா சமையல் சாமான் அலுமாரி காலி. ஆனா சாப்பாடு ஒருநாளும் பிந்தேல்ல!"

வெள்ளவத்தை ஃப்ளாட்டின் எதிர்வீட்டு ஸீனத்திடம் மடிக்கணினியைக் காட்டினான் விக்ரமன். தேவைப்படும்போது மட்டுமே சாமான் வாங்க வேண்டும் என்று மனைவி லக்ஷ்மிப்பிரியாவுக்கு அவன் போட்ட சட்டத்தின் வெற்றி அது. நாளை கந்தோரில் முதலாளிக்கும் காட்டப் போவதாகச் சொன்னான்.

அவர்கள் இருந்த ஸீனத்தின் அறையில் அரிசி, பருப்பு, பால்மா எல்லாம் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

"ஐயோ அன்ரி, இவ்வளவு ஸ்டொக் வீண்தானே? உங்கட வீட்டையும் கம்ப்யூட்டரில போடுவமா?"

"கட்டாயம் போடுங்க மகன்," ஸீனத் சிரித்தார். "நாளைக்குக் காட்ட முந்தி, இந்த ரூமை ஒங்கட குசினியோட சேத்துப் போடுங்க. சாமானெல்லாம் ஒங்கட வைஃப்டதானே!"