புது பேஸ்

“நம்ம பேண்டுக்குப் புது பேஸ் வாங்கணும் தம்பி. உன் காதுக்கு எதுவும் தப்பாது, நீயே வந்து தெரிவு செய்.”

பேண்ட் நடத்தும் ஹுஸ்னி நானா இப்படிக் கூப்பிட்டதும் நிரூபனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பது வருடமாக அந்த பேண்டில் ஒரு பழைய பேஸ் கிட்டாரோடு மல்லுக்கட்டுபவன் அவன். ஒப்பிட்டுப் பார்க்க அதையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

மாத்தளை டவுனிலிருந்த கடைக்கு கீபோர்ட் வாசிக்கும் ரஜீவனும் வந்திருந்தான். நானா நிரூபனைத் தெருப்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். “பாத்தா பேருக்கு மயங்கிருவ. கேட்டு மட்டும் சொல்லு.”

முதலில் ஒன்று ஒலித்தது. நிரூபன் உதட்டைப் பிதுக்கினான். “இது வேணாங்க நானா. தகரத்தத் தட்டுற மாதிரி இருக்கு.”

அடுத்தது ஒலித்தபோது காலடியில் தரை அதிர்ந்தது.

“இதுதான் நானா. கம்பியில விரல் உரசுறதுகூட கேக்குது. விட்டுராதீங்க.”

“நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?”

“சத்தியமா. இது வந்தா நம்ம பேண்டே வேற மாதிரி ஆயிரும்.”

“சரி, திரும்பு.”

திரும்பினான். சுவரில் தொங்கிய புதுக் கிட்டார்களை யாரும் தொட்டிருக்கவில்லை. நானாவின் மடியில் கிடந்தது அவனுடைய பழைய கிட்டார். ரஜீவன் ஒரு புதுக் கீபோர்டின் முன்னால் தலைகுனிந்து நின்றான். அவனுடைய இடது கை மட்டும் கட்டைகளின் மேல் இருந்தது.

“இனி பேஸையும் இவனே கீபோர்ட்ல வாசிச்சுருவான்” என்றார் நானா, நிரூபனின் முகத்தைப் பார்க்காமல். “எனக்கு மனசு வரல தம்பி. அதான் முடிவ உன்கிட்டயே விட்டேன்.”