கண்ணாடி இல்லாத படகு

ரூபனின் பிறந்தநாளுக்கு ஒரு வாட்டர் ஸ்கீயிங் படகு வாங்கித் தர ஆசைப்பட்ட அவன் மனைவி ஆக்னஸ், அவனுக்குத் தெரியாமல் அவனுடைய முப்பது நாள் கனவுகளைக் கடைக்கு அனுப்பியிருந்தாள். ஓட்டப்போகிறவரின் கனவைப் பார்த்துத்தான் அங்கே படகு செய்வார்கள். இதுவரை வாடகைப் படகுதான்; எப்போதும் ரூபன்தான் ஓட்டுவான். அவள் படகில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி பின்னால் அலைமேல் சறுக்கி வருவாள்.

தூத்துக்குடிக் கடற்கரையில் படகு பளபளவென்று நின்றது. ஆக்னஸ் முதலில் தேடியது பின்பக்கம் காட்டும் கண்ணாடியைத்தான். சறுக்குகிறவர் விழுந்தால் ஓட்டுகிறவருக்கு அதில்தான் தெரியும்.

"கண்ணாடிய மறந்துட்டீங்களே?"

"மறக்கல மேடம்," என்றார் கடைக்காரர் பெருமையாக. "முப்பது கனவுலயும் சார் ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல. அதான் வைக்கல. பின்னால பாத்து உக்கார்ற சீட்டையும் எடுத்தாச்சு. கயித்தக் கழட்டிவிட மட்டும் கைக்குப் பக்கத்துல ஒரு லீவர் வச்சிருக்கோம்."

ஆக்னஸ் அந்த லீவரைப் பார்த்தாள். "கனவுல... நான் இருக்கேனா?"

"இருக்கீங்களே! பாதி வரைக்கும் இருக்கீங்க."

அதற்குள் ரூபன் படகில் தாவி ஏறியிருந்தான். "சூப்பர் ஆக்னஸ்! பலகைய மாட்டிக்கிட்டுத் தண்ணியில இறங்கு, ஒரு ரவுண்டு போலாம்."

அந்தப் படகின் ஓட்டுநர் இருக்கையில் அவன் உட்காருவது அதுதான் முதல் முறை. அவளைப் பார்த்துக் குழந்தைபோலச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கை மட்டும், எதையும் தேடாமல், நேராக அந்த லீவரின் மேல் போய் அமர்ந்தது.