நகத்தில் ஒரு கறுப்புக் கோடு

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, நெஞ்சுக்கும் பரவிவிட்டது என்றார்.

அசன் மைதீன் மேஜையில் ஓங்கி அறைந்தார். அவர் ஷார்ஜாவிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

பக்கத்தில் அவர் மனைவி ஆபிதா பீவி வலது கையை மடியில் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். மேலப்பாளையத்தில் இருபது வருஷம் பீடி சுற்றிய கை. பெருவிரலில் நகம் இருந்த இடத்தில் கறுத்த புண். அக்குளில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி.

இது அபூர்வமான தோல் புற்றுநோய், பரவுகிற வேகம் அதிகம் என்றார் டாக்டர். முதலில் நகத்துக்கடியில் மெல்லிய கறுப்புக் கோடாகத்தான் தெரியும். புகையிலைக் கறை என்று விட்டுவிடுவார்கள். அப்போதே கொஞ்சம் சதையை வெட்டிச் சோதித்திருந்தால் விரலோடு போயிருக்கும்.

யாரிடமும் காட்டவில்லையா என்று ஆபிதாவிடம் கேட்டார்.

அவள் வாய் திறக்குமுன் அசன் மைதீன் ஆரம்பித்துவிட்டார். அவள் அண்ணன் காஜா முகைதீனைத் திட்டினார். அக்கம்பக்கத்தைத் திட்டினார். படிப்பறிவில்லாத பொம்பளை என்று அவளையும் திட்டினார்.



கடைசியில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு கடுதாசி போட்டிருந்தா அடுத்த பிளைட்ல வந்திருக்க மாட்டனா, சார்?"

சாகப் போகிறோம் என்று தெரிந்தபோதுகூட வராத ஆத்திரம் அவளுக்கு அப்போது வந்தது.

"போட்டேன். கோடு தெரிஞ்சதுமே நம்மூரு டாக்டரம்மாகிட்ட காமிச்சேன். வெட்டிப் பாக்கணும், ஒரு வாரம்கூடத் தள்ளாதேன்னாக. அதையும் எழுதினேன். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா மவ கல்யாணம் நின்னுரும், மருதாணி வச்சு மறைச்சுக்கோன்னு நீங்கதானே பதில் போட்டிய? பதினாலு மாசம் மறைச்சேன்."

டாக்டரின் பேனா நின்றது.

அசன் மைதீன் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"பைய பேசு. வெளியே நம்ம தெரு ஆளுக நிக்காக."

ஆபிதா எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்தாள். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து, உரக்கச் சொன்னாள்.