எழுத்தில் கொடுங்கள்

“மேடம், இந்தக் கேஸை எடுக்கறதும் விடறதும் உங்க இஷ்டம். ஆனா பார்ட்டி யாருன்னு பாத்துட்டுச் சொல்லுங்க” என்று குமாஸ்தா விண்ணப்பத்தை மேஜைமேல் வைத்தார்.

பெயரைப் படித்ததும் வக்கீலம்மாவின் கை தானாகவே சக்கர நாற்காலியை ஓர் அடி பின்னுக்குத் தள்ளியது.

“பிரம்பு டீச்சரா!”

முப்பத்திரண்டு வருடம். அந்தப் பெயரில் இன்னும் சாக்பீஸ் வாடை அடித்தது.

“உள்ளே வரச் சொல்லுங்க.”

டாக்ஸி டிரைவர் தள்ளிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் இரவல் வாங்கிய சக்கர நாற்காலி. அதில் பாதி இடம் காலியாக இருக்கும்படி டீச்சர் சுருங்கிப்போயிருந்தார்.

“இடுப்பெலும்பு முறிஞ்சு எட்டு மாசமாச்சும்மா. எங்க குடியிருப்பு வாசல்ல ஏழு படி. ஓரமா ஒரு சாய்தளம் கட்டிக்கறேன், செலவு என்னோடதுன்னு சங்கத்துல கேட்டேன். கட்டடத்தோட அழகு கெட்டுடுமாம். இன்னிக்கு ரெண்டு பேர் என்னை மூட்டை மாதிரி தூக்கி இறக்கினாங்க. எட்டு மாசம் கழிச்சு இப்பத்தான் வெயிலைப் பாக்கறேன்.”

“மூட்டை மாதிரியா? நான் பத்து வயசுலயே அப்படித்தான் டீச்சர். உங்க ஸ்கூல் வாசல்ல பத்துப் படி.”

“ஞாபகம் இருக்கு.”

“சங்கத்துல முடியாதுன்னு எழுத்துல குடுத்தாங்களா?”

“வாயாலதான் சொன்னாங்க.”

“விவரமானவங்க! யாருமே அதை எழுத்துல குடுக்க மாட்டாங்க. எங்கம்மா என்னை இடுப்புல தூக்கிக்கிட்டு ஏழு ஸ்கூல் ஏறி இறங்கினாங்க. ஆறு இடத்துல சிரிச்சுப் பேசியே அனுப்பிட்டாங்க. நீங்க மட்டும்தான், ‘மாணவி சக்கர நாற்காலியில் வருவதால் சேர்க்க இயலாது’ன்னு ஸ்கூல் தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வேற குத்தி வீட்டுக்கே அனுப்பினீங்க. எங்க வக்கீல் அந்த ஒரு காகிதத்தை வெச்சே கேஸை ஜெயிச்சார்.”

“தானே போய் மாட்டிக்கிட்டாங்கன்னு சொல்லுங்க” என்று குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

டீச்சரும் சிரித்தார். “அவர் என்னைக் கூண்டுல ஏத்திக் கேட்ட கேள்வியில ஒரு வாரம் எனக்குத் தூக்கமே இல்ல. தலைமையாசிரியை பதவியும் போச்சு. ஆனா சாய்தளம் வந்துச்சே!”

வந்தது. ஈர சிமெண்டில் ஒரு நாய் நடந்துபோன தடத்தோடு வந்தது. இடைவேளை மணி அடித்தால் போதும், மொத்த வகுப்பும் அவளுடைய நாற்காலிக்கு வரிசை கட்டும். ஆளுக்கு ஒரு சவாரி. இரண்டு பேர் மடியில், ஒருத்தி பின்னால் தொற்றிக்கொண்டு, ஊரே அதிரும் கூச்சலோடு சர்ரென்று கீழே...

“நீ கையை விட்டுட்டு இறங்குவே. ஜன்னல்ல நின்னு பாக்கற எனக்கு நெஞ்சு பக்குபக்குன்னு அடிச்சுக்கும்.”

“நீங்க பாத்தீங்களா? பிரம்பை எடுத்துட்டு வந்துடுவீங்கன்னுல்ல நாங்க நடுங்கினோம்!”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அடுத்த நொடி, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த பழுப்பேறிய துண்டுச்சீட்டு கண்ணில் பட, சிரிப்பு நின்றது. ‘இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள். உடனே இவரிடம் காட்டுங்கள்.’ அச்சுக் கோத்தது போன்ற எழுத்துகள். கீழே ஒரு வக்கீலின் முகவரி.

“இதைப் பாருங்க டீச்சர். இது இல்லேன்னா உங்க கடிதம் அடுப்புக்குப் போயிருக்கும். உங்க பியூன் தாத்தா உங்களுக்குத் தெரியாம கவருக்குள்ள வெச்சுக் கொண்டாந்து குடுத்தது. எங்கம்மா சாகற வரைக்கும் அவரை எங்க பாத்தாலும் கையெடுத்துக் கும்பிடுவாங்க. அவர் ஒண்ணுமே சொல்லாம சிரிச்சுக்கிட்டே போயிடுவார்.”

டீச்சர் சீட்டைப் பார்த்தார்.

“அவர் செஞ்ச உதவியில ஜெயிச்சுட்டு, இன்னிக்கு உங்களுக்காக வாதாட என் மனசு ஒத்து வரல. மன்னிச்சுக்குங்க. வேற நல்ல வக்கீலாச் சொல்றேன்.”

“பரவால்லம்மா. உன்னை ஒரு வக்கீலாப் பாத்தாச்சு, அது போதும்.”

குமாஸ்தா விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரசீதை நீட்டினார். “திரும்ப வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்துப் போடுங்க டீச்சர். அடடா, கை இப்படி நடுங்குதே... பெருவிரல் ரேகை வெச்சாலும் போதும்.”

மைப்பெட்டியைப் பார்த்ததும் டீச்சரின் முகம் மலர்ந்தது.

“எங்க பியூனும் இப்படித்தான், வருகைப் பதிவேட்டைத் திறந்தாலே விரலை நீட்டிக்கிட்டு வந்து நிப்பார். ‘பேரையாவது எழுதக் கத்துக்கய்யா’ன்னு முப்பது வருஷம் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். மனுஷன் கடைசி வரைக்கும் ஓர் எழுத்துப் படிக்கலையே...”

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வக்கீலம்மா துண்டுச்சீட்டை இன்னொரு தரம் படித்துவிட்டு, தலையை நிமிர்த்தி டீச்சரைப் பார்த்தாள்.

“கோர்ட்டு சொன்னாலொழிய எங்க நிர்வாகம் ஒரு செங்கல்கூட வெச்சிருக்காதும்மா” என்றார் டீச்சர், தப்புச் செய்து பிடிபட்ட குழந்தையைப் போல. “சரி, எங்க ரேகை வைக்கணும்?”

வக்கீலம்மா ரசீதை உருவிக் கிழித்துப் போட்டுவிட்டு, வக்காலத்துப் படிவத்தை அவர் முன்னால் நகர்த்தினாள்.